சிவப்புக் கிடாவுக்குப் பிறந்த கருப்புக் குட்டி

மகனே, நீ தாளைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு சிரமப்படக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். தாள் நிறையச் செலவாகும், ஆகட்டும். போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு நாள் குறிக்க சரண்யா வீட்டார் பாகூரிலிருந்து வந்திருந்தார்கள் அல்லவா, காப்பி குடித்து முடித்ததும் அவளுடைய பெரியப்பா ஒன்று கேட்டார். "பொறக்கப்போற புள்ளைங்களும் மாப்ள மாதிரியேதான் இருக்குமா?" என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, பெண்ணைக் கொடுக்கிறவர் கேட்கக்கூடியதுதான். நீ என் பக்கம் திரும்பினாய். உன் கண்மணி எப்போதும்போல் இப்படியும் அப்படியும் அசைந்தாலும் நீ என்னைத்தான் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. முப்பது வருஷம் செம்மறிப் பண்ணையில் நிறமும் வம்சமும் பார்த்துப் பதிவேடு எழுதியவன் நான். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவன் அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான். ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாதான் இன்னும் கொஞ்சம் காப்பி கொண்டுவருகிறேன் என்று எழுந்து பேச்சை மாற்றினாள்.

விடையைச் சொல்ல வேண்டுமென்றால் அது எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதை உன்னிடம் இத்தனை வருஷமும் மறைத்துவந்தேன். உன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவள் மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். கால் நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை. "எழுது. அவனுக்கு ஒன்னும் தெரியாதுன்னா நெனச்சிக்கினு இருக்க?" என்றாள். அப்படியானால் உனக்குப் பாதி தெரிந்திருக்கலாம். மீதியை என் கையெழுத்தில் தெரிந்துகொள்.

என் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு உப்பளம் பகுதியில் எங்கள் தெருவில் ஆளாளுக்குக் கிடைத்த வேலையைப் பார்த்தார்கள். பத்தாவது முடித்திருந்த எனக்குப் பண்ணையில் உதவியாள் வேலை கிடைத்தது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வித்தியாசம்கூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. உன் அம்மா என் மாமன் மகள். சின்ன வயதிலிருந்தே வாடா போடி என்று சண்டை போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் கடற்கரைப் பக்கம் ஒரு வயதான பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் வேலைக்குப் போய்வந்தாள். எல்லாரும் அவரை முசே என்றுதான் சொல்வார்கள். நீ வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்வரை அங்கே போனாள்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நீ பிறந்தாய். தலைமயிர், புருவம், இமை எல்லாம் வெள்ளை. தோல் வழியாக உள்ளே ஓடும் நரம்பு தெரிந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். உடம்பில் நிறம் உண்டாகாமல் போகும் பிறவிக் குறை இது, பார்வை மங்கலாக இருக்கும், வெயில் ஆகாது, மற்றபடி பிள்ளை நன்றாக வளரும் என்றார். நான் தலையாட்டினேன். மனசுக்குள் அதை அவர் எனக்குச் சொல்லும் வெறும் சமாதானமாகத்தான் எடுத்துக்கொண்டேன். நானும் உன் அம்மாவும் நல்ல கருப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் தாத்தாவான மனிதர் எங்களைவிடக் கருப்பு. ஒரு வாரம் கழித்து டீக்கடையில் ஒருவன், "முசே வீட்டுக்கு வேலைக்குப் போய்க்கினு இருந்துச்சே உன் வீட்டுக்காரி" என்று சொல்லிச் சிரித்தான். நான் அவனை அடித்திருக்க வேண்டும், அல்லது எழுந்தாவது போயிருக்க வேண்டும். நானும் சேர்ந்து சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது.

உன் அம்மாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். சத்தம் போட்டிருப்பாள், ஒருவேளை கரண்டியை எறிந்திருப்பாள், அத்தோடு தீர்ந்திருக்கும். கேட்காமல் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் அதே வீட்டில் சாப்பிட்டேன், தூங்கினேன். உன்னை வீட்டுக்குள் தூக்குவேன், வாசற்படி தாண்டித் தூக்க மாட்டேன். கோயிலானாலும் ஊசி போடப் போனாலும் அவள்தான் சுமந்தாள். நான் நாலு அடி முன்னால் நடப்பேன். நீ குடும்பம் நடத்தப் போகிறவன், அதனால் சொல்கிறேன். மனசில் ஒரு சந்தேகம் வந்தால் அன்றைக்கே வாய்விட்டுக் கேட்டுவிடு. கேட்பது அசிங்கமாகத்தான் இருக்கும். கேட்காமல் வைத்திருப்பது அதைவிட அசிங்கம் என்று நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

பண்ணையைப் பற்றி உனக்கு ஓரளவு தெரியும். நம் பக்கத்துச் சிவப்புச் செம்மறியை ஜனங்கள் வெளியூர்ப் பெரிய கிடாக்களோடு சேர்க்கச் சேர்க்க, பழைய இனம் கரைந்துகொண்டே வந்தது. அது முழுதாகப் போய்விடக் கூடாது என்று கிராமம் கிராமமாகத் தேடிக் கொஞ்சம் ஆடுகளைக் கொண்டுவந்து தனியாக வளர்த்தார்கள். அந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாள் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கும். உடம்பில் கம்பளி இல்லாமல் மயிர்தான் இருக்க வேண்டும். கிடாவுக்கு முறுக்கிய கொம்பு, பெட்டைக்குக் கொம்பே கிடையாது. நிறம் இளம் பழுப்பிலிருந்து அடர்ந்த செங்காவி வரை எதுவாகவும் இருக்கலாம். நெற்றியிலும் அடிவயிற்றிலும் வெள்ளை இருக்கலாம். கருப்பு கூடாது. அந்தத் தாள் எனக்கு மனப்பாடம். பொருந்தாத குட்டியைப் பதிவேட்டில் சேர்க்க மாட்டோம், விற்றுவிடுவோம்.

உனக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு மார்கழிக் காலையில் பட்டியைத் திறந்தேன். நாற்பத்தொன்றாம் நம்பர் பெட்டை குட்டி போட்டிருந்தது. அமைதியான ஆடு, காதில் தகடு குத்தும்போதுகூட முண்டாது. அப்பன் எட்டாம் நம்பர் கிடா. பண்ணையில் அதைப்போல அழகான கிடா கிடையாது, வருகிறவர்கள் எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் அப்பழுக்கில்லாத சிவப்பு. குட்டி கரிக்கட்டை. மூக்கு நுனி முதல் வால் நுனி வரை ஒரு பொட்டுச் சிவப்பில்லை. நாற்பத்தொன்று அதை நக்கி நக்கி ஈரம் துடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. எங்கேயோ வேலியைத் தாண்டி வெளிக் கிடா வந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். கம்பிவேலி முழுக்கச் சுற்றிவந்தேன். பிறகு ஆபீசுக்குப் போய்ப் பதிவேட்டில் தாய் என்ற கட்டத்தில் 41 என்று எழுதி, தந்தை என்ற கட்டத்தில் கேள்விக்குறி போட்டேன்.

பண்ணைக்குப் பொறுப்பாக இருந்த டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். பதிவேட்டைப் பார்த்துவிட்டு, வேலியில் ஓட்டை இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். சுற்றுவட்டாரத்தில் கருப்புக் கிடா யாரிடமாவது இருக்கிறதா என்றார். நான் பார்த்ததில்லை என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்புறம் எதுக்குண்ணா அந்த ஆட்டு மேல சந்தேகம்?" என்றார். காது இரண்டும் சூடாகிவிட்டது. அவர் ஆட்டைப் பற்றித்தான் கேட்டார், வேறு எதுவும் அவருக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து மந்தையைப் பார்வையிட மூன்று பேர் கொண்ட குழு வந்தது. இந்த மந்தை சுத்தமான இனம்தான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் பண்ணை தொடர்ந்து நடக்கும். கருப்புக் குட்டியைப் பார்த்ததும் அவர்களில் மூத்தவர் முகம் மாறியது. குட்டியையும் தாயையும் உடனே தள்ளிவிடுங்கள், ரத்தம் கெட்டுப்போயிருக்கிறது என்றார். டாக்டரம்மா மறுத்தார். ஒவ்வொரு ஆட்டுக்கும் நிறத்துக்கென்று இரண்டு சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தார். ஒன்று தாய் கொடுத்தது, மற்றொன்று தகப்பன் கொடுத்தது. ஒரு சீட்டில் சிவப்பு, இன்னொன்றில் கருப்பு என்றிருந்தால் சிவப்பு மேலே நின்று கருப்பை மறைத்துக்கொள்ளும், ஆடு சிவப்பாகவே திரியும். அப்படி மறைத்துவைத்த இரண்டு சிவப்பு ஆடுகள் சேர்ந்து, இரண்டுமே கருப்புச் சீட்டைக் கொடுத்துவிட்டால் குட்டி கருப்பாகப் பிறக்கும். சின்ன மந்தையில் சொந்தத்துக்குள்ளேயே சேர்வதால் இது நடக்கத்தான் செய்யும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, பழைய பதிவேட்டை எடுத்து வம்சத்தைப் படிக்கச் சொன்னார்.

நான் விரல் வைத்துப் படித்தேன். நாற்பத்தொன்றின் தகப்பன் இருபத்தாறு, இருபத்தாறின் தகப்பன் மூன்று. எட்டாம் நம்பர் கிடாவின் தாய் பத்தொன்பது. பத்தொன்பதின் தகப்பன்? பக்கத்தைத் திருப்பினேன். மூன்று. என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாம் நம்பரின் மகன் வழிப் பேத்தியும் மகள் வழிப் பேரனும் சேர்ந்த குட்டி இது. உன் அம்மா என் தாத்தாவின் மகன் வழிப் பேத்தி. நான் மகள் வழிப் பேரன். அந்தப் பதிவேட்டில் ஆட்டு நம்பரை அடித்துவிட்டு எங்கள் பெயர்களை எழுதினால் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை. கன்னங்கரேலென்று இருந்த என் தாத்தா, மில்லில் சங்கு ஊதினால் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிய மனிதர், ஒரு வெள்ளைச் சீட்டைத் தன் உடம்புக்குள் வைத்துக்கொண்டே நடந்திருக்கிறார். அது அவருக்கே தெரியாது. என் அம்மாவிடம் ஒன்று, என் மாமாவிடம் ஒன்று என்று கொடுத்துவிட்டுச் செத்துப்போனார். அது என்னிடம் வந்தது, உன் அம்மாவிடம் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் எங்களுக்குள் காத்திருந்து, உன்னிடம் வந்து சேர்ந்தது.

மூத்தவர் விடவில்லை. கிடாவை வைத்துக்கொள்ளலாம், பெட்டையை மட்டும் தள்ளிவிடுங்கள் என்றார். அப்படிப்பட்ட இடத்தில் நான் வாய் திறக்கிற ஆளில்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்குத் திறந்தேன். "ஆட்ட வித்தா கெடாவையும் விக்கணும் சார். ரெண்டும் கொண்டாந்ததுதான் அந்தக் கருப்பு. ஒன்ன மட்டும் சொல்லாதீங்க" என்றேன். குரல் நடுங்கியது. ஆட்டுக்காகத்தான் நடுங்குகிறான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எட்டாம் நம்பரை இழக்க அவர்களுக்கு மனசு வரவில்லை, அதனால் நாற்பத்தொன்றும் தப்பித்தது. புதிதாகக் கிராமங்களிலிருந்து கிடாக்களைக் கொண்டுவந்து சொந்தத்துக்குள் சேராமல் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. கருப்புக் குட்டி இனப் பதிவேட்டில் ஏறவில்லை, ஆனால் பண்ணையிலேயே இருந்தது. நான் போட்ட கேள்விக்குறியை டாக்டரம்மா அடித்துவிட்டு 8 என்று எழுதினார்.

அந்த வாரம் அவர் எனக்கு மைக்ராஸ்கோப்பில் மயிர் காட்டினார். சிவப்பு ஆட்டின் மயிருக்குள் செம்மண் தூளைத் தூவினதுபோல இருந்தது. கருப்புக் குட்டியின் மயிருக்குள் மைப்பொடியை அடைத்துவைத்ததுபோல இருந்தது. அடுத்த ஞாயிறு மத்தியானம் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது உன் தலையிலிருந்து ஒரு மயிரைக் கத்தரித்து, பஸ் டிக்கெட்டில் மடித்து எடுத்துப்போனேன். டாக்டரம்மா பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே ஒரு தூளும் இல்லை. கண்ணாடிக் குழாய்போல இருந்தது, அதற்குள் வெளிச்சம் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு சுத்தமான ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கண்ணை எடுக்க முடியவில்லை. இது எந்த ஆட்டுடையது என்று அவர் கேட்கவில்லை, யாருடையது என்று கேட்டார். "என் பையன்" என்றேன். நீ பிறந்து மூன்று வருஷத்தில் வெளி மனிதர் ஒருவரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆட்டின் கருப்புச் சீட்டு வேறு, இது வேறு, ஆனால் வந்த வழி ஒன்றுதான் என்று அவர் விளக்கினார். நான் பாதிதான் கேட்டேன். மறுபடியும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையில் சிரித்தது, கேட்காமல் வைத்திருந்தது, மூன்றாம் நம்பர் கிடா, தாத்தா, எல்லாம். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கடைசி வரை கேட்டாள். "இத உனக்கு ஒரு ஆடு வந்து சொல்லணுமா?" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, வெகுநாள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அதுவும் எனக்குச் சேரவேண்டியதுதான். அன்று சாயங்காலம் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். டீக்கடை வழியாகவே போனேன். வைத்திக்குப்பம் கடற்கரை வரை நடந்தேன். படகுகளுக்கு நடுவில் உன்னை இறக்கிவிட்டதும் தண்ணீரின் பளபளப்பு தாங்காமல் முகத்தை என் வேட்டிக்குள் புதைத்துக்கொண்டாய். உனக்கு வெளிச்சம் வலிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உன் அம்மா உனக்குத் துணித்தொப்பி தைத்துவைத்திருந்ததை மூன்று வருஷமும் பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நான் மந்தையைப் பார்த்த விதமே மாறிப்போனது. சாயங்காலம் ஆடுகள் மேய்ந்துவிட்டு வரும்போது பட்டி வாசலில் நின்று எண்ணுவேன். எல்லாம் ஒரே சிவப்பு. எதற்குள் கருப்பு இருக்கிறது, எதற்குள் இல்லை என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் தனக்கே தெரியாத ஒன்றைச் சுமந்துகொண்டு புழுதி கிளப்பியபடி என்னைத் தாண்டிப் போகும். எண்ணிக்கை தவறிவிடும், மறுபடி எண்ணுவேன். இப்போது ரத்தம் எடுத்து அனுப்பினால் எது சுமக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் அந்த வியப்பு எனக்குக் குறையவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் அந்த இனமே நமக்கு மிஞ்சியிருக்காது. ஆனால் அதை எழுதினவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எழுத முடியும். பொருந்தாததையெல்லாம் தள்ளிக்கொண்டே போயிருந்தால் கடைசியில் பட்டி காலியாகியிருக்கும். சரண்யாவை யாராவது ஒரு தாளை வைத்துக்கொண்டு அளந்தால், அவள் பக்கம் நில். உன்னை நீயே அப்படி அளந்துகொள்ளாதே. பள்ளிக்கூடத்தில் உன்னை வெள்ளைக்காரன் என்று கூப்பிட்டபோது நீ வீட்டில் வந்து சொன்னதில்லை. அந்த முசே பேச்சு உனக்குத் தெரியாது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கருப்புக் குட்டி வளர்ந்து, சொந்தமில்லாத ஒரு சிவப்புக் கிடாவோடு சேர்ந்து இரட்டைக் குட்டி ஈன்றது. இரண்டும் செக்கச்செவேல். புதன்கிழமை நான் பாகூருக்குப் பஸ் ஏறியது இதைச் சொல்லத்தான். உனக்குச் சொல்லவில்லை, போய்வந்துதான் சொல்கிறேன். பெரியப்பாவும் சரண்யாவின் அப்பா அம்மாவும் இருந்தார்கள், அவளும் விடுப்பில் வீட்டில் இருந்தாள். நான் எதையும் மறைக்கவில்லை. என் மகனிடம் இருக்கும் இரண்டு சீட்டும் வெள்ளைதான், அவனுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அதில் ஒன்றை வாங்கிக்கொள்ளும், ஆனால் உங்கள் பெண் சொந்தமில்லை, அவளிடம் அந்தச் சீட்டு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, இல்லையென்றால் பிள்ளைகள் எல்லாரும் சாதாரண நிறத்தில்தான் பிறப்பார்கள், சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேட்டு ரத்தம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர்கள் கேட்காததையும் சொன்னேன். என் பெண்டாட்டியை நான் மூன்று வருஷம் சந்தேகப்பட்டேன், உங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் செய்துவிடாதீர்கள் என்றேன். பெரியப்பா உள்ளே திரும்பி எனக்கு இலை போடச் சொன்னார்.

சாப்பிட்டு முடித்ததும் சரண்யா பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். நான் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று பயந்துகொண்டே நடந்தேன். நிறுத்தத்தில் வந்து நின்ற பிறகு, "மாமா, வெயில்ல நின்னா அவர் கண்ண இடுக்கிக்கினு ஒரு சிரிப்பு சிரிப்பாரே, அது புள்ளைக்கு வராதுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் கேட்டாள். அது எந்தச் சீட்டில் எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியலம்மா என்றேன். பஸ் வந்து நின்றது. அவளை விட்டுவிட்டு ஏற மனசு வரவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் வந்தேன்.

உன் அப்பா